பள்ளி மைதானத்தைச் சாயங்காலமும் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவியில் பிறந்து வளர்ந்து இங்கேயே குடும்பம் நடத்துகிறவள் நான். எங்கள் வட்டாரத்தில் விளையாட இடமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கிற இடத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. சாயங்காலம் கடைசிப் பிள்ளை வெளியே போனதும் கேட்டில் சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டுவிடுவார்கள். அப்புறம் மறுநாள் காலை வரை அந்த மைதானத்தில் ஈ காக்கா இருக்காது. ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு, மே மாத லீவு முழுக்கப் பூட்டு. மதில்மேல் கண்ணாடிச் சில்லு வேறு பதித்திருக்கிறார்கள். அதையும் மீறிப் பையன்கள் உள்ளே போகத்தான் செய்கிறார்கள். கோணிச்சாக்கை நாலாக மடித்துச் சில்லுமேல் போட்டு, ஒருவன் தோளில் இன்னொருவன் ஏறிக் குதித்துவிடுகிறான். பெண்பிள்ளைகள் அப்படி ஏற முடியுமா? ஏறினால் வீட்டில் சும்மா விடுவார்களா? ஆக, அந்தப் பூட்டு நிறுத்தி வைப்பது பெண்பிள்ளைகளையும் எங்களைப் போன்ற பெண்களையும் வயதானவர்களையும்தான்.

சர்க்கரை, பிரஷர் என்று டாக்டரிடம் போனால், "தினமும் அரைமணி நேரம் நடங்கம்மா" என்கிறார். எங்கே நடப்பது? 90 அடி சாலையில் அந்த நேரத்தில் டெம்போவும் கைவண்டியும் பைக்கும் காய்கறிக் கடையும் போக மிச்சம் இருக்கும் இடத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கித்தான் போகலாம். எங்கள் கட்டடத்துப் பெண்கள் சிலர் கீழே பார்க்கிங்கில், நிறுத்திய பைக்குகளுக்கு நடுவே நடக்கிறார்கள். பத்து எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும், திரும்ப வேண்டும்.

2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, 2022இல் இந்தியாவில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை வைத்துப் போட்ட கணக்கு இது. வீட்டு வேலையே போதாதா என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் கணக்கில் வீட்டு வேலையும் சேர்த்திதான்.

பள்ளி என்றால் மைதானம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வகுப்பு இல்லாத நேரத்தில் பள்ளியின் வசதிகளை ஊர்மக்களுக்குப் பயன்படுத்தலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. சிங்கப்பூரில் பல பள்ளி மைதானங்கள் வகுப்பு முடிந்ததும் பொதுமக்களுக்குத் திறக்கின்றன. நியூயார்க் நகரம் 2007லேயே இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியது.

தலைமை ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழாய் உடைந்தாலும், காலையில் பாட்டில் கிடந்தாலும், யாராவது விழுந்து கையை முறித்துக்கொண்டாலும் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? எழுத்தில் ஓர் உத்தரவு கையில் இல்லாமல் எந்தத் தலைமை ஆசிரியரும் கேட்டைத் திறக்க மாட்டார். அந்த உத்தரவை மாநகராட்சி போடட்டும். சாவி யாரிடம், வாட்ச்மேனின் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் யார் தருவது, காலைப் பிரார்த்தனைக்கு முன் யார் பெருக்குவது, அடிபட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வகுப்பறைகளைப் பூட்டிக்கொள்ளட்டும், மைதானமும் ஒரு கழிப்பறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் திறந்திருந்தால் போதும். பள்ளி விட்டதும் முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே மைதானம் முழுக்க கிரிக்கெட்தான், நாங்கள் மறுபடி பார்க்கிங்குக்குத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிடும். அப்போது கீழ்த்தள வராண்டாவையாவது விடலாம்.

திறக்கிறேன் என்று சொல்லி ஏதாவது கோச்சிங் அகாடமிக்கோ கல்யாண வரவேற்புக்கோ வாடகைக்கு விட்டுவிடக் கூடாது. மாதம் ஆயிரம் ரூபாய் கட்டணம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அது இன்னொரு பூட்டு.

தாராவியில் மறுசீரமைப்பு வேலை நடக்கும் இந்தச் சமயத்தில் இன்னொன்றும் கேட்கிறேன். புதிதாகக் கட்டப்போகும் பள்ளிகளில் மைதானத்துக்கென்று தெருவைப் பார்த்துத் தனி கேட் வையுங்கள். கட்டடத்துக்குள் நுழையாமலே மைதானத்துக்குப் போய்வர முடிந்தால் பாதுகாப்பைப் பற்றிய பாதிக் கவலை தீர்ந்துவிடும். கட்டிய பிறகு மதிலை உடைப்பதைவிட இப்போது வரைபடத்தில் ஒரு கேட்டைச் சேர்ப்பது சுலபம். உங்கள் நிருபர் வார்டு அலுவலகத்தில் இது பற்றிக் கேட்டு, வரும் பதிலை வெளியிட்டால் எங்கள் பகுதிப் பெண்கள் எல்லோரும் நன்றியோடு படிப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை