பாறையேற்றச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வருகை வழக்கம்போலச் சுமார்தான். மழைக்காலத்தில் பாறைப் பக்கம் போக முடியாததால், ஆயுள் முடிந்து ஒதுக்கிய கயிறுகளை முடிச்சுப் பரிசோதனைக்கு எடுத்தோம். உருப்படியாக நடந்த வேலை அதுதான் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

உறுப்பினர் ஒருவரின் லேத் பட்டறையில் செயின் பிளாக்கும் (சங்கிலியால் பாரம் இழுக்கும் கருவி) இழுவிசையைக் காட்டும் கிரேன் தராசும் மாட்டி இழுத்தோம். நைலான் நன்றாக நீளும். அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பி அடிக்கும். அதனால் கயிற்றின் மேல் ஈரச் சாக்கு, ஆட்கள் பிளைவுட் பலகைக்குப் பின்னால்.

கயிறு அறுந்ததெல்லாம் முடிச்சுக்குள் நுழைந்து முதல் வளைவு எடுக்கும் இடத்தில்தான். அங்கே வெளிப்பக்க இழைகள் பாரத்தை வாங்க, உள்பக்க இழைகள் நசுங்கிக் கிடக்கின்றன. அறுந்த நுனியைத் தடவினால், உராய்வுச் சூட்டில் உருகிக் கெட்டிப்பட்ட இழைகள் விரலில் இடறின.

பொதுவாக ஃபிகர் எயிட் (8 வடிவ முடிச்சு) போட்டால் கயிற்றின் பலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போகும். ஓவர்ஹேண்டில் (சாதாரண ஒற்றை முடிச்சு) பாதி வரைகூடப் போகும். சரி, எல்லாவற்றுக்கும் எயிட்டே போட்டுவிடலாமா? கூடாது. இரண்டு கயிற்றை இணைத்து இறங்கும்போது, நுனிகள் ஒரே பக்கம் வரும்படி போடும் தட்டை முடிச்சில் கதை தலைகீழ். தட்டை எயிட் பாரம் ஏற ஏறப் புரண்டு, ஒவ்வொரு புரளலிலும் நுனியை விழுங்கி, கடைசியில் கழன்றே போனது. தட்டை ஓவர்ஹேண்டும் புரளும்தான், ஆனால் அதற்கு அதிகப் பாரம் வேண்டும். வெளிநாடுகளில் தட்டை எயிட் கழன்று உயிரே போயிருக்கிறது. நம்மில் கனமானவரும் நூறு கிலோவைத் தாண்டமாட்டார். பாதி பலம் போன நல்ல கயிறே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். ஆகவே இறங்கும்போது அறுவதைவிடக் கழல்வதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

நுனியில் கண்ணி போடும் பௌலைன் முடிச்சை இழுத்தால் உறுதியாக நிற்கிறது. பாரம் இல்லாமல் விறைப்பான கயிற்றில் குலுக்கினால் தளர்கிறது. தராசு இதைக் காட்டாது.

எனவே பலத்தை வைத்து முடிச்சுகளை வரிசைப்படுத்திய பழைய அட்டவணை சுவரிலிருந்து எடுக்கப்பட்டது. இனி இடுப்புப் பட்டையில் கட்ட, பட்டையில் நுழைத்த நுனியை முடிச்சின் வழியே திருப்பிக் கோத்த எயிட். இணைத்து இறங்க, தட்டை ஓவர்ஹேண்ட், நுனி ஒரு முழத்துக்குக் குறையாமல், முடிச்சிலிருந்து வெளிவரும் நான்கு கயிற்றுப் பகுதிகளையும் தனித்தனியே இழுத்து இறுக்கி. பௌலைனுக்காக மூத்தவர்கள் கடுமையாக வாதாடினார்கள்; கூடவே, தளராமல் தடுக்கும் ஸ்டாப்பர் முடிச்சு போடுவதானால் சரி என்று முடிவானது.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயர் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்