ரவுப்பிலிருந்து மாமாவுக்கு

ரவுப், பகாங், மலேசியா

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். கிணறு வெட்டுகிற உங்களுக்குச் சொல்வது சுலபம்.

ரவுப் பழைய தங்கச் சுரங்க ஊர். 1889-இல் ஆஸ்திரேலியக் கம்பெனி இறங்கிய இடம். இப்போது சுற்றிலும் செம்பனை, பால்மரம். கடைத்தெருவில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். நாங்கள் தேடுவது எஸ்டேட் குன்றில் பாறைக்குள் பட்டையாக ஓடும் ஒரு சின்ன வெங்கச்சாங்கல் (வெள்ளைக்கல்) நரம்பு. அதில் கலீனா என்கிற காரீயத் தாது, அதற்குள் கொஞ்சம் வெள்ளி. நிலம் எஸ்டேட்டுக்கு என்றாலும் அடியில் இருக்கும் தாது மாநில அரசுக்கு. லைசென்ஸ் இல்லாமல் மண்வெட்டி வைக்கக் கூடாது.

நம் ஊர் மாதிரி பாறை வெளியே தெரியாது. மழையில் உளுத்து, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்தான். அதனால் முதலில் ஓடை. மேல்நோக்கி நடந்தபடி டூலாங் என்கிற அலசும் தட்டில் மணலை அலசுவோம். கலீனா தண்ணீரைவிட 7.5 மடங்கு கனம், வெங்கச்சாங்கல் 2.65 மடங்குதான், அதனால் கலீனா அடியில் தங்கும். ஆனால் மெத்தென்ற தாது, சீக்கிரம் நொறுங்கிவிடும். ஓடையில் துண்டாகக் கிடைத்தால் நரம்பு பக்கத்தில் என்று அர்த்தம்.

அடுத்து மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, முழங்கை ஆழத்து மண்ணை வரிசையாக எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம். துத்தநாகம் தண்ணீரோடு ஓடிவிடும், காரீயம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆர்சனிக் கூடுதலாக வந்தால் தாது கிடைத்துவிட்டது என்று துள்ளக் கூடாது. அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல ஆர்சனிக் மருந்துதான் அடித்தார்கள்! சரிவில் மண் கீழே நகர்ந்திருக்கும். ஆகவே காரீயம் கூடிய இடத்துக்குச் சற்று மேலே, நரம்புக்குக் குறுக்காகக் குழி வெட்ட வேண்டும். இடுப்பளவுக்கு மேல் ஆழம் போனால் பக்கத்தைப் படி வைத்து வெட்டணும். மழைக்கு அப்படியே சரியும், உங்களுக்குத் தெரியாததா.

பெரும்பாலும் வேலை கெடுவது, சோதனைக்கு மாதிரிக் கல் எடுப்பதில்தான். குழிச் சுவரைச் சுரண்டிக் கழுவி, கீழே தார்ப்பாய் விரித்து, நரம்புக்குக் குறுக்கே 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரே சீராகக் கொத்த வேண்டும். 30 செ.மீ. நரம்புக்கு ஏறக்குறைய 4 கிலோ வரும். மின்னுகிற தாது லேசாக உதிரும், வெள்ளைக்கல் கடினம். கை சலித்தால் பையில் தாதுதான் கூடும், கணக்கு பொய்யாகும். பக்கத்துப் பாறைக்குத் தனிப் பை. நரம்பு 45 பாகை சாய்ந்திருந்தால், குழியின் தட்டையான தரையில் அதே 30 செ.மீ. 42 ஆகத் தெரியும். அதை அப்படியே எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

ஆய்வில் தட்டான் வேலைதான். மாதிரிக் கல்லைப் பொடித்துக் காரீயத்தோடு உருக்கி எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்தால், காரீயத்தைக் கிண்ணம் குடித்துவிடும், வெள்ளி மணி நிற்கும். உலைச் சூடு மிஞ்சினால் வெள்ளியும் கொஞ்சம் போகும்.

டன்னுக்கு 400 கிராம் வெள்ளி என்று காகிதம் வந்தாலும் நான் மயங்கமாட்டேன். ஆள் இறங்கி வெட்ட 1 மீட்டராவது அகலம் வேண்டும். 30 செ.மீ. நரம்போடு வெறும் பாறை 70 செ.மீ. சேர்ந்தால் நிற்பது 120 கிராம். அதுவும் அடுத்த குழியில் நரம்பு தொடர்ந்தால்தான். சின்ன நரம்புகள் திடீரென ஒடுங்கிவிடும். அதனால் ஒரு குழியை நம்பி யாரும் துளை போடும் மெஷினை வரவழைப்பதில்லை.

வேலை முடிந்ததும் அடிமண் முதலில், மேல்மண் கடைசியில் போட்டு மூடணும். மாற்றிப் போட்டால் செம்பனை வேர் பிடிக்காது, எஸ்டேட் மேனேஜர் விடமாட்டார்.

அத்தைக்கு வணக்கம் சொல்லுங்கள். அடுத்த மாதப் பணத்தைச் சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்