மருந்தான நொதியை உடலே முறிக்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நொதிகளை எதிர்ப்பொருள்களால் (ஆன்டிபாடிகளால்) தடுத்துப் புற்றுநோய் செல்களைப் பட்டினி போடலாம் என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். உயிர்வேதியியல் ஆசிரியை என்பதால் மட்டுமல்ல, என் அக்கா மகன் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவன் என்பதாலும் எழுதுகிறேன்.

ஆக்சிஜன் இருக்கும்போதே புற்றுநோய் செல் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குகிறது என்று 1920-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் காட்டினார். அதைச் செய்யும் நொதிகள் செல்லுக்குள் இருக்கின்றன. எதிர்ப்பொருளோ பெரிய புரதம், சவ்வைத் தாண்டி உள்ளே போய் அவற்றைப் பிடிப்பது எளிதல்ல. அதற்கு எட்டுவது சிடி73 போல வெளிப்புறத்தில் இருக்கும் நொதிகள்தான். இதைக் கட்டுரை சொல்லவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. நொதியே மருந்தாகும்போது, உடல் அதற்கு எதிராக உருவாக்கும் எதிர்ப்பொருள் புற்றுநோய்க்குத் துணை போகும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோயில், நோய் செல்கள் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தமக்குப் போதுமான அளவு தயாரிக்க முடியாமல் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அஸ்பராஜினேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால், அது அந்த அஸ்பராஜினை ரத்தத்திலேயே உடைத்துவிடும். ஆனால் இந்த நொதி ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது. உடல் அதை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் உருவாக்கினால் மருந்து செயலிழக்கும், நோய் செல்லுக்கு மறுபடி அஸ்பராஜின் கிடைத்துவிடும்.

எங்கள் பையனுக்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்கியது. பயந்துதான் போனோம். உடனே நிறுத்தி, அப்புறம் எர்வினியா என்ற வேறு பாக்டீரியாவின் நொதிக்கு மாற்றினார்கள். அவனுக்காவது வெளியே தெரிந்தது. சில குழந்தைகளுக்கு ஓர் அறிகுறியும் இல்லாமலே மருந்து முறிந்துபோகும். ஒவ்வாமைக்கு முன்கூட்டியே தரும் மருந்துகள் தடிப்பை மறைக்கலாம், எதிர்ப்பொருளை நீக்காது. ரத்தத்தில் நொதியின் செயல்திறனை அளந்தால்தான் தெரியும். மில்லிலிட்டருக்கு 0.1 அலகாவது இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

இந்தப் பரிசோதனையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஊசி போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர், அது வேலை செய்கிறதா என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியை ஒருவர்