முதல் தவணையை உனக்கே கட்டு, கண்ணு

ஈரோடு,
4 அக்டோபர் 2025

அன்புள்ள கண்ணு,

தீபாவளிக்குள் ஐஃபோன் 17 வாங்கிவிடலாமா, மாதம் 6,908 ரூபாய்தானே, வட்டியும் கிடையாதாமே என்று கேட்டிருந்தாய். வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. உன் சம்பளம், உன் ஆசை. ஆனால் "வட்டி கிடையாது" என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடு. ஃபோனில் சொன்னால் எண்கள் நினைவில் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் இந்த நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது கூடுதல் செலவில்லை என்று சொல்லும் மாதத் தவணை. வங்கி தன் வட்டியை வாங்கத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் முன்கூட்டியே கழித்துவிடுகிறார். ஃபோன் விலை 82,900 ரூபாயை 12 மாதத் தவணையில், ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பார். பில்லில் 6,760 ரூபாய் தள்ளுபடி போய் 76,140 என்று இருக்கும். வங்கி அந்த 76,140ஐக் கடனாக எழுதிக்கொண்டு 6,760 வட்டியோடு திருப்பி வாங்கும். கூட்டினால் அதே 82,900. இதுவரை சரி.

விளம்பரத்தில் வராதது அடுத்த வரி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதை விற்பவர் கழிப்பதில்லை. 6,760க்கு 1,217 ரூபாய். அதோடு பிராசஸிங் கட்டணம் 199 என்று வைத்தால் வரியோடு 235. ஆக மொத்தம் 1,452 ரூபாய் கூடுதல். ஆரம்பத்தில் அசல் அதிகமாக இருப்பதால் வட்டியும் அதிகம், அதன் மேல் வரியும் அதிகம். முதல் மாத பில்லில் 6,908க்குப் பதிலாக 7,300க்கு மேல் வருவது இதனால்தான். பலர் அதைப் பார்த்துவிட்டு வங்கி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போவார்கள். ஏமாற்று இல்லை, பொடி எழுத்து.

1,452 ரூபாய்க்காக நான் இரண்டு தாள் எழுதவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

உன் கிரெடிட் கார்டின் வரம்பு 1,20,000. ஃபோன் வாங்கிய அன்றே அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடைபட்டுவிடும், மாதாமாதம் கட்டக் கட்டத்தான் விடுபடும். வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால், கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இறங்கக்கூடும். அதைவிட முக்கியம், ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டி வந்தால் கார்டில் இடம் இருக்காது. ஒரு மாதம் பில் தொகையை முழுதாகக் கட்டாமல் "மினிமம் டியூ" என்ற குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினாயோ, மீதிக்குப் பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதத்துக்கு மேல் ஓடும். ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல், அதற்கும் ஜிஎஸ்டி. அந்த நிலையில் புதிதாக வாங்கும் காய்கறிக்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது, ஸ்வைப் செய்த நாளிலிருந்தே வட்டி. நடுவில் பணம் வந்து தவணையை முன்கூட்டியே முடிக்கலாம் என்றால் அதற்கும் மீதி அசலில் 3 சதவீதம் வரை பல வங்கிகள் எடுக்கும்.

கார்டே வேண்டாம், கடையில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரரிடம் போட்டுக்கொள்கிறேன் என்பாய். அங்கே தவணை உன் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும். அந்த நாளில் பணம் இல்லையென்றால் உன் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் தனியாக ஒன்று போடுவார். சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது என்றால் தவணைத் தேதியை 5 என்று கேட்டு வாங்க வேண்டும், 30 என்று வைத்துவிட்டால் ஒரு நாள் சம்பளம் தள்ளினாலும் அடி. கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாளைக் கேள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். கேட்காமலேயே சேர்த்துவிட்ட காப்பீடும் "பாதுகாப்புத் திட்டமும்" அங்கேதான் கண்ணில் படும்.

இப்போது நான் சொல்லும் வழி. அதே ஏழாயிரத்தை ஒரு வருஷம் உனக்கே கட்டிப் பார்.

வங்கி ஆப்பில் ஆர்டி திற, மாதாமாதம் ஒரே தொகை போட்டுச் சேர்க்கும் கணக்கு அது. மாதம் 7,000, 12 மாதம். 6 சதவீதம் வட்டி என்றால் 84,000க்கு ஏறக்குறைய 2,700 சேர்ந்து அடுத்த அக்டோபரில் 86,700 கைக்கு வரும். சம்பளம் வந்த மறுநாளே பிடிக்கும்படி தேதி வை. 15ஆம் தேதி என்று வைத்தால் அதற்குள் பணம் வேறு பக்கம் போயிருக்கும். மாதம் தவறினால் சிறு அபராதம், நடுவில் உடைத்தால் வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் குறையும், அவ்வளவுதான். அம்மா தபால் ஆபீஸில் போடச் சொல்வாள். அங்கே 6.7 சதவீதம் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் அது 5 வருஷத் திட்டம், 3 வருஷத்துக்கு முன் மூடவே முடியாது. ஃபோனுக்கு ஆகாது.

உன் ஹாஸ்டலில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்துவதாகச் சொன்னாயே. 20 பேர், மாதம் 5,000, 20 மாதம் என்றால் சீட்டு ஒரு லட்சம். மூன்றாம் மாதம் ஏலத்தில் 25,000 விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுத்தால் 75,000 கிடைக்கும், மீதி 17 மாதமும் தவணை கட்ட வேண்டும். அது சேமிப்பு இல்லை, கடன். கடைசியில் எடுப்பவருக்குத்தான் சேமிப்பு. அதுவும் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருந்தால். பதிவில்லாத சீட்டில் நடத்துபவர் ஊரைவிட்டுப் போனால் போய்க் கேட்க ஆள் இல்லை.

ஏன் 12 மாதம் என்கிறேன் தெரியுமா? ஐஃபோன் 15 இங்கே 79,900க்கு வந்தது 2023 செப்டம்பரில். அடுத்த செப்டம்பரில் 16 வந்தவுடன் 15இன் விலை 69,900. 16உம் 79,900க்கு வந்து, போன மாதம் 17 வந்ததும் 69,900 ஆகிவிட்டது. பத்தாயிரம் இறங்குவது வழக்கம் போலவே நடக்கிறது. அடுத்த வருஷமும் நடந்தால் நீ ஆசைப்படும் இதே ஃபோன் 72,900க்கு வரும். உன் ஆர்டி முடிவது அதற்கு அடுத்த மாதம், தீபாவளிக்கும் முன்னால். கையில் 86,700 இருக்கும், வாங்கியபின் 13,800 மிஞ்சும். தவணையில் வாங்கினால் இதே பன்னிரண்டு மாதத்தில் நீ கட்டியிருப்பது 84,352. விலை இறங்காமலே போனாலும் பழைய விலைக்கே வாங்கப் பணம் உண்டு. நீ இழப்பது ஒரு வருஷம் அதைக் கையில் வைத்திருக்கும் சுகத்தை. அது உனக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நான் சொல்ல முடியாது.

(வரி குறைந்ததே, ஃபோனுக்கும் குறையவில்லையா என்று கேட்டாய். போன மாதம் 22ஆம் தேதி ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. செல்ஃபோன் 2020 ஏப்ரலில் 12இலிருந்து 18க்கு ஏறியது, அங்கேயே நிற்கிறது. 82,900இல் 12,646 ரூபாய் வரிதான். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஐஃபோனை நம் பெண்களே பூட்டிக் கொடுத்தாலும் விலையில் அதன் சாயல் தெரிவதில்லை.)

விலை என்றால் பெட்டியின் விலை மட்டும் இல்லை. 2020இல் ஐஃபோன் 12 வந்ததிலிருந்து பெட்டியில் சார்ஜர் வைப்பதில்லை, வயர் மட்டும்தான். அடாப்டர், உறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து 3,500 என்று வை. ஒரு வருஷ வாரண்டியில் கீழே விழுந்து உடைந்த திரை சேராது. அதற்குக் காப்பீடு எடுப்பதா, இல்லை மிஞ்சும் 13,800ஐ அதற்கென்றே ஒதுக்கி வைப்பதா என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு திரை உடைப்பவள் நீ, யோசித்துக்கொள்.

இன்னொரு கணக்கும் போடு. 82,900க்கு வாங்கி நாலு வருஷம் வைத்திருந்து 20,000க்கு விற்றால் மாதச் செலவு 1,310. அதையே இரண்டு வருஷத்தில் 40,000க்குத் தள்ளிவிட்டால் மாதம் 1,788. 25,000 ரூபாய் ஃபோனை மூன்று வருஷம் வைத்து 4,000க்கு விற்றால் 583. எந்தக் கம்பெனி எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருகிறது என்பதுதான் இங்கே முடிவு செய்யும். சாம்சங் கேலக்ஸி எஸ்24உம் கூகுள் பிக்ஸல் 8உம் ஏழு வருஷம் என்று அறிவித்துத்தான் விற்பனைக்கு வந்தன. அப்டேட் நின்ற ஃபோனில் வங்கி ஆப் வைத்திருப்பது எனக்குப் பயம்.

உன் மாதக் கணக்கையும் பார்த்தேன். கைக்கு 41,000. ஹாஸ்டல் சாப்பாட்டோடு 11,500, போக்குவரத்து 2,000, வீட்டுக்கு 8,000, காப்பீடும் எஸ்ஐபியும் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 4,500, சில்லறையும் துணிமணியும் வெளியே சாப்பிடுவதும் 7,000. மீதி 8,000. அதில் 7,000 போட்டால் மூச்சு முட்டும். வீட்டுக்கு அனுப்புவதில் 2,000 குறைத்துக்கொள், எங்களுக்கு ஒன்றும் ஆகாது. எஸ்ஐபியில் கை வைக்காதே. சேமிப்புக் கணக்கில் இருக்கும் 60,000ஐயும் ஃபோனுக்கு எடுக்காதே, அது வேலை போனால் மூன்று மாதம் ஓட்டுவதற்கு. உன் செலவுக்கு அது 75,000 ஆக இருக்க வேண்டும், தீபாவளி போனஸ் வந்தால் முதலில் அந்தக் குறையை நிரப்பு. முதல் மூன்று மாதம் ஆர்டி தடங்கல் இல்லாமல் போனால் இந்தச் செலவு உனக்குத் தாங்கும். இரண்டாம் மாதமே அதை உடைக்கத் தோன்றினால், அதே மாதம் தவணையும் தடுமாறியிருக்கும் என்று அர்த்தம். வித்தியாசம் என்னவென்றால் ஆர்டியை உடைக்கலாம், தவணையை உடைக்க முடியாது.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வங்கித் தள்ளுபடி கார்டில்தான் கிடைக்கும், அதை விடாதே. பணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, ஸ்டேட்மென்ட் வந்த மறுநாள் கார்டில் முழுத்தொகையாகத் தேய். ஏறக்குறைய 45 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும், கெடு தேதிக்கு முன் முழுதாகக் கட்டிவிடு. "10 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டுப் பக்கத்தில் "அதிகபட்சம் 1,500" என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். சில சமயம் முழுத்தொகைக்கு ஒரு தள்ளுபடி, தவணைக்கு வேறு தள்ளுபடி. இரண்டையும் பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடு.

பழைய ஃபோனுக்கு ஆன்லைனில் காட்டும் தொகை "வரை" என்பதுதான். வீட்டுக்கு வருபவர் திரையில் கீறல், ஓரத்தில் சிராய்ப்பு என்று குறைப்பார், சில சமயம் வேண்டாம் என்றே திரும்புவார். அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலை முழுதும் கட்ட உன்னிடம் பணம் இருக்க வேண்டும், அதனால் அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காமலே திட்டம் போடு. வந்தால் லாபம்.

கைமாறிய ஃபோன் வாங்கலாமா என்ற யோசனை வந்தால் அசல் பில் இல்லாமல் வாங்காதே. *#06# அடித்தால் வரும் 15 இலக்க எண்ணை, முன்னால் கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு இடைவெளியும் விட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. திருட்டுப் போனதாகத் தடை செய்த ஃபோன் என்றால் பதிலில் தெரிந்துவிடும். ஐஃபோன் என்றால் பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவைக் கழித்து விலை பேசு. விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உன் கண் முன்னால் வெளியேறிய பிறகுதான் பணம் கொடு. இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் கண்ணாடித் துண்டு.

இப்போதுள்ள ஃபோன் சார்ஜ் நிற்கவில்லை என்றாய். பேட்டரியை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மாற்றிவிட்டால் இந்த ஒரு வருஷத்தை அது ஓட்டிவிடும். எவ்வளவு ஆகும் என்று நாளை கேட்டுச் சொல், அதை நான் தருகிறேன். உன் கார்டின் ஸ்டேட்மென்ட் தேதியையும் எழுது. அம்மா அதிரசமும் முறுக்கும் செய்துகொண்டிருக்கிறாள், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா