ஈரம் இழுத்த பெற்றோமாக்ஸ் மென்டில்: 3 பெட்டிக்கும் காசு திருப்பித் தரவும்

மனேஜர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இது நாலாவது கடிதம், முதல் மூண்டுக்கும் பதில் இல்ல. நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில பெற்றோமாக்ஸ் லாம்பு வாடகைக்கு குடுக்கிற ஆள், 30 வருசமா மென்டில், அதுதான் லாம்புக்குள்ள வெளிச்சம் தாற வலைப்பை, கட்டுறன்.

உங்கட பெட்டிய உடைச்சு கடதாசி கவரக் கிழிச்சா வலை சீனிப்பாகு மாதிரி கையில ஒட்டுது. தோரியம் எண்டு பெட்டியில அடிச்சது நீங்கதானே, வலையில ஊறியிருக்கிற தோரியம் நைத்ரேட்டு காத்தில இருக்கிற ஈரத்த இழுக்கிற உப்பு எண்டு ஏ.எல் கெமிஸ்ட்ரி படிக்கிற என்ட மகளுக்கே தெரியுது, வாவிக்கரை ஊருக்கு சீல் இல்லாம அனுப்பின உங்களுக்குத் தெரியாதா? முதல் எரிக்கேக்க நூல் கருகி, நைத்ரேட்டு மண்ணிறப் புகையாப் போய், ஒக்சைட்டுக் கூடுதான் மிஞ்சும். அது 3300 பாகை சூட்டுக்கும் அசையாத சாமான். ஆனா உப்பு ஒரு பக்கம் வழிஞ்சு மற்றப் பக்கம் வெளிறிக் கிடந்தா கூடு எப்பிடி நிக்கும்?

கூத்துக்கு வட்டக்களரியில 4 லாம்பு தூக்கினன். ராசா வரவு நேரம் ஒரு மென்டில் பொத்துப்போய், ஓட்டையால நெருப்பு பாய்ஞ்சு சிமினி டிக் எண்டு வெடிச்சிட்டு. கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்த நிப்பாட்டிட்டு என்னையே பார்த்தார். என்ட சீவியமே போச்சு ஐயா, இனி ஒரு சடங்குக்கும் கூப்பிட மாட்டாங்க.

போன் எடுத்தா உங்கட கஸ்டமர் கெயார் தம்பி சொல்றார், "அங்கிள், அது கதிர்வீச்சு சாமான், நாள் போனா சக்தி குறையும், பழசா வச்சிருந்திருப்பீங்க" எண்டு. தோரியத்தின்ட அரை ஆயுள், அதாவது அது பாதியாக் குறையிற காலம், 1405 கோடி வருசம் தம்பி! நான் வாங்கி ரெண்டு மாசம்! பிறகு சிரிச்சுப்போட்டு போன வச்சிட்டார், அந்தச் சிரிப்பத்தான் என்னால மறக்க ஏலாம இருக்கு.

அதுக்குப் பிறகு இரவு ரெயின் ஏறி, விடிய கொழும்புக் கோட்டையில இறங்கி, ஓட்டோ பிடிச்சு உங்கட கேற்றுக்கு வந்தன். பழுதான மென்டில காட்டினா செக்யூரிட்டி "ரேடியோ ஆக்டிவ் சாமான் உள்ள கொண்டு போக ஏலா" எண்டு மறிக்கிறார். நீங்க வித்த சாமான உங்கட கேற்றுக்குள்ளயே விட மாட்டீங்களா? அப்பிடிப் பயமெண்டா, எரிக்கிற நேரம் புகைய மூக்கால இழுக்க வேணாம், சாம்பல ஊத வேணாம் எண்டு பெட்டியில ஒரு வரி போட்டிருக்கலாமே.

தயவுசெய்து 3 பெட்டிக் காசும் சிமினிக் காசும் ரெயின் செலவும் அனுப்புங்க. 14 நாளுக்குள்ள வராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 நம்பருக்கு போன் அடிப்பன், பில்லும் ஒட்டுற மென்டிலும் பொலித்தீன் பைக்குள்ள பத்திரமாக் கிடக்கு.

இப்படிக்கு,
லாம்புக் கடைக்காரர், ஆரையம்பதி