‘ஞ’ இருக்கும்போது ‘ன’ எதற்கு?

மதிப்புக்குரிய பயிற்சிநெறிப் பொறுப்பாளர்களுக்கு,

முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாடு போக இருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்த ஸ்பானிய, ஆங்கில, தமிழ்ச் சொற்பட்டியலை அடுத்த பட்சுக்குக் கொடுக்காதீர்கள். திருத்திவிட்டுக் கொடுங்கள்.

முதல் பக்கத்திலேயே வயது கேட்கும் வசனம்: ‘குவாந்தோஸ் ஆனோஸ் தியேனெஸ்’. ஸ்பானியத்தில் ஆண்டுக்குச் சொல் ‘ஆஞோ’. அதில் தலைக்கு மேல் வளைகோடு போட்ட எழுத்து நம் ஞாயிறின் ‘ஞ’ ஒலிதான். கோடு விடுபட்டு ‘ஆனோ’ என்றானால் ஆசனவாய். ‘தியேனெஸ்’ என்பதோ நீ என்று பேசும் வடிவம். எண்பது வயது அம்மாவின் கட்டிலருகே நின்று, “உனக்கு எத்தனை ஆசனவாய்” என்று எங்கள் பிள்ளை கேட்க வேண்டுமா? தட்டச்சில் கோடு விழாமல் போகலாம், தமிழில் ‘ஞ’ விழாமல் போக என்ன காரணம்? சரியான வசனம்: ‘குவாந்தோஸ் ஆஞோஸ் தியேனே உஸ்தெத்’.

வயதைச் சொல்லும் பதிலுக்கு ‘சோய்’ (ஆங்கில ‘ஐ ஆம்’, அதாவது ‘நான் இருக்கிறேன்’) போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த பிழை அது. ஸ்பானியத்தில் வயது ஒருவரிடம் உள்ள பொருள் மாதிரி: ‘தெங்கோ ஓச்சென்தா ஆஞோஸ்’, அதாவது ‘என்னிடம் எண்பது ஆண்டுகள் உண்டு’. ‘எனக்கு எண்பது வயது’ என்ற நம் பேச்சுக்கு இதுதான் கிட்ட.

‘வியேஹோ’வுக்குத் ‘தாத்தா’ என்கிறது பட்டியல். ஆர்ஜென்டினாவில் பிள்ளைகள் தகப்பனைச் செல்லமாக ‘மி வியேஹோ’ என்பார்கள். வேலைக்கு வந்தவர் சொன்னால் அது ‘கிழவா’தான். முதியவர் என்று பொருள்படும் ‘அன்சியானோ’வையும் முகத்துக்கு நேரே சொல்லாமல் விடுவது நல்லது. ‘பெர்சோனா மயோர்’ என்று பழக்குங்கள். மயோர் என்றால் பெரிய, மூத்த. நம் ‘பெரியவர்’ அப்படியே பொருந்தும். ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 1995இல் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். ஆங்கிலத்தில் ‘ஓல்டர் பெர்சன்ஸ்’. உங்கள் பட்டியலின் ஆங்கில நிரலில் நீங்கள் ‘செனைல்’ என்பதற்கு ‘வயது முதிர்ந்த’ என்று எழுதியிருப்பது ஆபத்து. தினக் குறிப்பில் பிள்ளை அந்தச் சொல்லை எழுதினால், புத்தி தடுமாறியவர் என்றே தாதி வாசிப்பார். மறதி இருந்தால் எதை மறந்தார், எத்தனை மணிக்கு என்று எழுதப் பழக்க வேண்டும்.

எந்தப் படிவமானாலும் தமிழ் நிரலைக் கடைசியில் நிரப்பி, வாசித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கல்முனை முஸ்லிம் வீடுகளில் ‘தாத்தா’ என்றால் அக்கா என்பதைக்கூட யாரும் கேட்கவில்லை. கடன்பட்டுப் பயிற்சிக் கட்டணம் கட்டும் குடும்பங்களுக்கு இவ்வளவுதானா மரியாதை?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த தாள்களைத் திரும்ப வாங்கி, ஸ்பானியம் தெரிந்த ஒருவரும் இந்த ஊர்த் தமிழ் பேசும் ஒருவரும் பக்கத்தில் இருந்து திருத்திய பிறகு அச்சிடுங்கள். ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கும் திருத்திய முதல் பக்கத்தையாவது, அவர்கள் விமானம் ஏறும் முன் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து மொழி கற்பிப்போர் சிலர்