மாற்றுச் சிறுநீரகத்துக்கு மாத்திரையும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு 2023 முதல் தமிழகத்தில் அரசு மரியாதை செய்யப்படுகிறது. அப்படி ஒரு குடும்பம் மனமுவந்து தந்த சிறுநீரகத்தோடு வாழ்பவன் நான். ஆபரேஷனோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்புறம்தான் ஆரம்பமே. டாக்ரோலிமஸ் மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும் போட்டாக வேண்டும். விட்டுவிட்டால் உடலே அதை அந்நியமாக நினைத்துத் தாக்கிவிடும்.

இந்த மாத்திரைக்கு எங்கள் ஊர்க் கடைகளில் வழியில்லை. பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனால், "ஸ்டாக் இல்லை, பத்து நாள் கழித்து வாங்க" என்று சீட்டைத் திருப்பித் தருகிறார்கள். பத்து நாள் எதைப் போடுவது? சில மாதம் வேறு கம்பெனி மாத்திரை வருகிறது. கம்பெனி மாறினால் ரத்தத்தில் மருந்தின் அளவும் மாறக்கூடும். காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுத்து அதைச் சோதிக்க வேண்டும். அதற்கும் செலவு, அலைச்சல்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்களுக்குத் தாலுகா மருத்துவமனையில், ஒரே கம்பெனி மாத்திரையாக, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தந்தால் போதும். சுகாதாரத் துறை கவனிக்குமா?

- ஒரு வாசகர்